"போடுன்னாக" என்பதை மனுவில் எப்படி எழுதுவது?

வற்புறுத்தல், கட்டாயப்படுத்தல், நிர்ப்பந்தம், பலவந்தம் நான்கும் ஒன்றா, வேறு வேறா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் விஷயம் உங்கள் கேள்வியின் கடைசி இரண்டு வரியில்தான் இருக்கிறது. உங்கள் அத்தையிடம் குடும்பத்தார் விடுதலைப் பத்திரத்தில், அதாவது சொத்தில் தன் பாகத்தை விட்டுக்கொடுக்கும் பத்திரத்தில், கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். மனுவில் நீங்கள் 'வற்புறுத்தி' என்று எழுதினீர்கள். டைப் அடித்துக் கொடுத்தவர் அதை 'பலவந்தமாக' என்று மாற்றிவிட்டார். படித்துக் காட்டியபோது அத்தை, "என்னைய யாரும் பிடிச்சு இழுக்கலையேப்பா" என்றாராம். அத்தைக்கு நடந்ததற்கு எந்தச் சொல் பொருந்தும், மதுரைப் பக்கம் ஜனங்கள் இதை எப்படிச் சொல்வார்கள் என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது.

நான் வக்கீல் இல்லை. நீதிமன்றக் காகிதங்களைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றிக் கொடுக்கும் வேலையில் மதுரையில் 26 வருடம் இருந்தவன். 2004இல் உயர் நீதிமன்றக் கிளை இங்கே வந்த பிறகு மூச்சுவிட நேரமில்லாமல் செய்த வேலை அது. பத்திரம், பிராது, சாட்சி வாக்குமூலம், ஊர்ப் பஞ்சாயத்தில் எழுதிய ஒப்பந்தம் என்று எல்லாம் கைவழியாகப் போயிருக்கின்றன. இந்தச் சொற்கள் எப்படிப் புழங்குகின்றன என்பதைத் தைரியமாகச் சொல்வேன். சட்டத்தைப் பொறுத்தவரை, காகிதத்தில் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டதைச் சொல்கிறேன். அதை வைத்து என்ன செய்வது என்பதை உங்கள் வக்கீல் பார்த்துக்கொள்ளட்டும்.

நான்கில் சாதுவான சொல் வற்புறுத்தல்தான். 'வல்' என்ற அடியில் பிறந்தது. உறுதி உண்டாக்குவது என்பது அதன் பழைய பொருள். சங்கப் பாடல்களின் அடியில் வரும் துறைக் குறிப்புகளைப் பாருங்கள். கார்காலம் வந்தும் தலைவன் வரவில்லையே என்று வாடுகிற தலைவியைத் தோழி 'வற்புறுத்தியது' என்று இருக்கும். தோழி அங்கே யார் கையையும் முறுக்கவில்லை. வந்துவிடுவான், தைரியமாக இரு என்று தேற்றுகிறாள், அவ்வளவுதான். அந்த ஈரம் இன்னும் முழுக்கக் காயவில்லை. "வேண்டாம்னு சொல்லியும் வற்புறுத்திச் சாப்பிட வச்சுட்டாங்க" என்று ஒரு கல்யாண வீட்டைப் பற்றிச் சொன்னால் அது புகாரா, பெருமையா? பெருமைதான். வற்புறுத்துகிறவர் பேசிக்கொண்டே இருக்கிறார், நாம் கடைசியில் சரி என்கிறோம். மாட்டேன் என்று எழுந்து போகிற வாசல் திறந்துதான் இருக்கிறது. அதனால்தான் மனுவில் இந்தச் சொல் தனியாக நின்றால் பலவீனம். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, "வற்புறுத்தினார்கள் என்றால் நாலு தடவை கேட்டார்கள் என்றுதானே அர்த்தம்?" என்பார். நான் மொழிபெயர்த்த வாக்குமூலங்களில் அந்தக் கேள்வியைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

கட்டாயம் இரண்டு முகம் கொண்டது. பத்திரிகை வைக்க வந்தவர் "கட்டாயம் வந்துரணும் மாப்ள" என்று சொல்லிவிட்டுப் போவது அன்பு. 'ஹெல்மெட் கட்டாயம்' என்று போர்டு வைத்தால் அது விதி. ஆனால் 'படுத்து' சேர்ந்து கட்டாயப்படுத்து என்று ஆனதும் அன்பு போய்விடுகிறது. வாசலை யாரோ சாத்திவிட்டார்கள் என்று ஆகிவிடுகிறது. எதைக் கொண்டு சாத்தினார்கள் என்பதை அந்தச் சொல் சொல்வதில்லை. கையைக் கொண்டா, பயத்தைக் கொண்டா, பணத்தைக் கொண்டா என்று தெரியாது. முன்னால் 'வலு' சேர்த்து வலுக்கட்டாயம் என்றால்தான் உடம்பு உள்ளே வருகிறது. "வலுக்கட்டாயமா வண்டியில ஏத்துனாங்க" என்பார்கள். "வலுக்கட்டாயமா யோசிக்க வச்சாங்க" என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

நிர்ப்பந்தம்தான் எனக்கு இவற்றில் சுவாரசியமான சொல், ஏனென்றால் அதற்கு ஆளே தேவையில்லை. உசிலம்பட்டிப் பக்கம் உங்களுக்குச் சொந்தம் இருந்தால் செய்முறை என்றால் என்னவென்று தெரியும். காதுகுத்துப் பத்திரிகை வந்ததும் வீட்டில் முதலில் எடுப்பது நோட்டு. நம் வீட்டு விசேஷத்துக்கு அவர்கள் என்ன செய்தார்கள் என்று விரலை வைத்துத் தேடுவார்கள். ஐயாயிரமும் ஒரு கிடாயும் என்று எழுதியிருந்தால் அதற்குக் கீழே போக முடியாது, கூடவே ஏதாவது வைத்துத்தான் செய்தாக வேண்டும். கையில் காசு இல்லாவிட்டால் கம்மல் அடகுக் கடைக்குப் போகும். யார் கட்டாயப்படுத்தியது என்று கேட்டுப் பாருங்கள். "யாரும் கட்டாயப்படுத்தல. செய்யாம இருக்க முடியுமா?" என்பார்கள். அந்த 'முடியுமா'தான் நிர்ப்பந்தம். சுற்றியுள்ள நிலைமையே ஆளைத் தள்ளுகிறது. ஆகவே, "நிர்ப்பந்தத்தின் பேரில் கையெழுத்திட்டார்" என்று மனுவில் எழுதினால் யார் தள்ளியது என்பது காணாமல் போய்விடும். கடன் தொல்லையில் தானாகவே போட்டார் என்றுகூட எதிர்த்தரப்பு திருப்பிக்கொள்ளலாம். எழுதித்தான் ஆக வேண்டுமென்றால் 'இன்னார் நிர்ப்பந்தித்ததால்' என்று ஆளைப் பிடித்து நிறுத்துங்கள்.

பலவந்தத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. அது உடம்புச் சொல். இழுத்தார்கள், பூட்டினார்கள், கையைப் பிடித்து அழுத்தி ரேகை வைத்தார்கள் என்றால் பலவந்தம். உங்கள் அத்தை மறுத்தது சரி. நடக்காத ஒன்றை அந்தச் சொல் சொல்கிறது, குறுக்கு விசாரணையில் அவரே "அப்படி இல்லைங்க" என்று சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் சேர்ந்து ஆட்டம் காணும். இதையே இன்னும் கனமாக்குகிறேன் என்று யாராவது பலாத்காரம் என்று எழுதினால் விடாதீர்கள். காந்தி காலத்துப் பேச்சில் அகிம்சைக்கு எதிர்ச்சொல்லாக எல்லா வன்முறைக்கும் பொதுவாக இருந்த சொல் அது. இன்றைக்கு அதைக் கேட்கிறவர் மனதில் பாலியல் குற்றம் மட்டும்தான் வரும். வன்கொடுமையும் அப்படித்தான். அந்தக் குற்றத்தையோ, 1989ஆம் வருடத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையோதான் நினைவூட்டும்.

இனி நம் ஊர்ப் பேச்சுக்கு வருவோம். மேலே சொன்ன நான்கையும் சாட்சிக் கூண்டில் நின்ற கிராமத்து ஜனங்கள் வாயிலிருந்து அபூர்வமாகத்தான் கேட்டிருக்கிறேன். மேலூர், திருமங்கலம் பக்கமிருந்து வருகிற பெரியவர்கள் வல்லந்தம் என்பார்கள். "வல்லந்தமா வாங்கிட்டாக." இளையவர்களானால் வம்படியா. இந்த வம்படிக்கு ஒரு வேடிக்கையான குணம் உண்டு. "வம்படியா இழுத்துட்டுப் போயி பரோட்டா வாங்கிக் குடுத்தான்" என்றால் சிநேகம். அதே வாய் "வம்படியாக் கூட்டிட்டுப் போயி எழுதி வாங்கிட்டான்" என்றால் வழக்கு. சொல் ஒன்றுதான், குரலை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். காகிதத்தில் குரல் வராது என்பதுதான் என் தொழிலின் தலைவலியாக இருந்தது.

நெருக்குகிறார்கள் என்பது கடன் சம்பந்தப்பட்ட சொல். தமிழ்நாட்டில் 2003இல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகு வந்த புகார்களிலும் பாதிக்கப்பட்டவர்கள் 'மிரட்டினான்' என்று எழுதுவதற்கு முன்னால் 'நெருக்கினான்' என்றுதான் எழுதினார்கள். காலையில் வீட்டு வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பான். அதற்கு நெருக்குவது என்று பெயர். மிரட்டல் என்றால் வாயைத் திறந்து 'செய்யாவிட்டால் இப்படி ஆகும்' என்று சொல்லியிருக்க வேண்டும். இந்த இரண்டும் வேறு என்பதை மொழிபெயர்க்கும்போது பலர் விட்டுவிடுவார்கள். ஆரம்பத்தில் நானும் விட்டிருக்கிறேன்.

கொஞ்சம் வழி விலகிப் போகிறேன். அதிகாரத்தில் இருப்பவன் பிடுங்குவதற்குத் தமிழில் எப்போதும் மரியாதையான பெயர்தான் கிடைத்திருக்கிறது. மாமூல் என்றால் வழக்கமானது என்று பொருள், அரபியிலிருந்து வந்தது. வழக்கம்போலக் கொடு என்று சொல்லிச் சொல்லியே அது கப்பமாகிவிட்டது. வெட்டி என்பது சோழர் கல்வெட்டுகளில் அடிக்கடி வருகிற சொல், கூலி இல்லாமல் செய்தாக வேண்டிய கட்டாய வேலை. இன்றைக்கு வேலையே செய்யாதவனை வெட்டிப்பய என்கிறோம். முதுகொடிய உழைத்தவனின் பெயர் சோம்பேறிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. வள்ளுவர் இந்த மரியாதைப் பெயர்களின் முகமூடியைக் கழற்றிய இடம் ஒன்று உண்டு. "வேலொடு நின்றான் இடுவென் றதுபோலும் கோலொடு நின்றான் இரவு." இரவு என்றால் யாசகம். கையில் கோல் இருப்பவன் கேட்டால், கேட்பது பிச்சை போல இருந்தாலும், அது வழிப்பறிக்காரன் வேலோடு நின்று 'போடு' என்பதற்குச் சமம் என்கிறார். உங்கள் அத்தை கேஸுக்கு இதைவிடப் பொருத்தமான வரி என் நினைவில் இல்லை. எப்படிக் கேட்டார்கள் என்பதோடு, கேட்டவர்கள் யார், அத்தை யார் வீட்டுச் சோற்றில் இருந்தார் என்பதையும் பார்க்க வேண்டும்.

ஒரு வாக்குமூலம் இன்னும் மனதில் இருக்கிறது. எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு விதவை, அண்ணன் தம்பிகள் பேருக்குப் பாகத்தை விட்டுக்கொடுத்த பத்திரம். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கிறார்: "உங்களை யாராவது அடிச்சாங்களா?" "இல்லய்யா." "மிரட்டினாங்களா?" "இல்லய்யா." "அப்ப நீங்களாத்தான் கையெழுத்துப் போட்டீங்க?" "நானாப் போடலய்யா. போடுன்னாக, போட்டேன். சுத்தி உக்காந்திருந்தாக." "கேட்டுக்கிட்டாங்க, நீங்க சம்மதிச்சீங்க, அதுதானே?" அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். அப்புறம், "அந்த வீட்லதானய்யா நான் கஞ்சி குடிக்கணும்" என்றார். பதிவில் இருந்தது அந்தக் கடைசி வரி மட்டும்தான், மௌனம் இல்லை. கஞ்சி குடிக்கணும் என்பதை ஆங்கிலத்தில் சாப்பிட வேண்டும் என்று போட்டால் ஒரு அர்த்தமும் வராது. அந்த வீட்டை அண்டித்தான் பிழைக்க வேண்டும் என்று நான் எழுதினேன். அது சரியான மொழிபெயர்ப்பா, என் விளக்கமா என்று இன்றுவரை எனக்குள் ஒரு சந்தேகம் உண்டு.

இனி சட்டம். 1872ஆம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் சம்மதம் சுதந்திரமாக இருக்க வேண்டும் என்கிறது 14ஆம் பிரிவு. 15ஆம் பிரிவு வல்லந்தத்தைப் பற்றியது. குற்றச் சட்டம் தடுத்த ஒரு காரியத்தைச் செய்தோ, செய்வேன் என்று மிரட்டியோ சம்மதம் வாங்குவது ஒன்று. ஒருவருடைய சொத்தைச் சட்டவிரோதமாகப் பிடித்து வைத்துக்கொண்டு, அல்லது பிடித்து வைப்பேன் என்று மிரட்டி வாங்குவது இன்னொன்று. அத்தையின் நகையையோ மூலப் பத்திரத்தையோ யாராவது வைத்துக்கொண்டு "கையெழுத்துப் போடு, தர்றேன்" என்றார்களா என்று கேளுங்கள். கேட்டால்தான் இது வெளியே வரும், தானாகச் சொல்லமாட்டார்கள். "கோர்ட்டுக்குப் போவேன்" என்று ஒருவர் சொன்னது மட்டும் இதில் சேராது, கோர்ட்டுக்குப் போவது யாருக்கும் உள்ள உரிமை. 16ஆம் பிரிவு வேறு. ஒருவரின் மனதை ஆட்டிவைக்கிற இடத்தில் இருப்பவர் அந்த இடத்தைப் பயன்படுத்தி நியாயமில்லாத லாபம் அடைவது. வயோதிகத்தாலோ நோயாலோ மனம் தளர்ந்தவரிடம் வாங்குவதையும் அது சொல்கிறது. அடிக்கவும் இல்லை, மிரட்டவும் இல்லை, ஆனால் கஞ்சி அந்த வீட்டில்தான் என்கிற கதைகள் பெரும்பாலும் 16இல்தான் போய் உட்காரும். பலவந்தம் என்று எழுதினால் 16ஐ நோக்கிப் போக வேண்டிய வண்டியை 15 பக்கம் திருப்பிவிடுகிறீர்கள், அங்கே சாட்சியும் இல்லை.

சென்னை உயர் நீதிமன்றத்தின் இரண்டு பழைய தீர்ப்புகளை உங்கள் வக்கீலுக்கே தெரிந்திருக்கும். 1889இல் ஒரு வழக்கு. கணவன் இறந்து கிடக்கிறான், 13 வயது விதவை. ஒரு பையனைத் தத்தெடுத்தால்தான் பிணத்தை எடுக்க விடுவோம் என்று உறவினர்கள் நின்றார்கள். அவளை யாரும் தொடவில்லை. அந்தத் தத்து அவளைக் கட்டுப்படுத்தாது என்று நீதிமன்றம் சொன்னது. இன்னொன்று 1917. ஒருவர் தற்கொலை செய்துகொள்வேன் என்று மிரட்டி, மனைவியையும் மகனையும் தன் சகோதரருக்கு விடுதலைப் பத்திரம் எழுத வைத்தார். அதுவும் வல்லந்தமே என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள், ஒருவர் மாறுபட்டார். "மருந்தைக் குடிச்சிருவேன்" என்ற மிரட்டல் நம் பக்கம் எவ்வளவு சாதாரணம் என்று தெரிந்தவர்களுக்கு இந்தத் தீர்ப்பின் அருமை தெரியும். ஆனால் இங்கே உறுதியை நிறுத்திக்கொள்கிறேன். தற்கொலை முயற்சியைப் பொதுவாகத் தண்டித்தது இந்திய தண்டனைச் சட்டத்தின் பழைய 309ஆம் பிரிவு. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அது இல்லை. அரசு ஊழியரின் கடமை விஷயத்தில் அவரைப் பணியவைக்கவோ தடுக்கவோ தற்கொலைக்கு முயல்வதற்கு மட்டும் 226ஆம் பிரிவு இருக்கிறது. சட்டம் தடுத்த காரியம் என்ற 1917ஆம் வருடத்து வாதம் இனி எந்த அளவுக்கு நிற்கும் என்பது வாதாடித் தீர்க்க வேண்டிய விஷயம்.

உங்கள் அத்தை கையெழுத்துப் போட்டாரா, ரேகை வைத்தாரா என்று நீங்கள் சொல்லவில்லை. ரேகை என்றால் கேட்கும் விதத்தில் கவனமாக இருங்கள். உசிலம்பட்டி வட்டாரத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரு பழைய கனம் உண்டு. 1911ஆம் வருடத்துக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் பிரமலைக் கள்ளர் ஜனங்களைக் கைரேகை பதியச் சொல்லி வெள்ளைக்காரப் போலீஸ் வந்தது. 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூரில் மறுத்து நின்றவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது, மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். ஜனங்கள் அதை ரேகைச் சட்டம் என்றுதான் சொல்வார்கள். அந்தப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் "ரேகை வாங்கிட்டாக" என்று சொன்னால், வல்லந்தம் என்ற சொல்லைச் சேர்க்காமலே அது உள்ளே இருக்கலாம். எழுதுகிறவர் அதை 'ரேகை பதிவு செய்தார்' என்று நாகரிகமாக்கினால் விஷயம் போச்சு.

ஆகவே ஒரு காரியம் செய்யுங்கள். நான்கு சொற்களில் எது என்ற யோசனையை ஒரு நாள் தள்ளி வையுங்கள். அத்தையோடு தனியாக உட்கார்ந்து, நடந்ததை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லி அப்படியே எழுதுங்கள். திருத்தாதீர்கள். யார் யார் இருந்தார்கள், பத்திரத்தை யாராவது படித்துக் காட்டினார்களா, சார்பதிவாளர் அலுவலகத்துக்கு யார் கூட்டிப் போனது, அங்கே சார்பதிவாளர் கேட்டபோது அத்தை ஆமாம் என்றாரா, திரும்பி வந்து முதலில் யாரிடம் சொன்னார். எழுதிக் கொடுத்தது நான் இல்லை என்று அங்கேயே மறுத்தால் பதிவு செய்யக் கூடாது என்பது 1908ஆம் வருடத்துப் பதிவுச் சட்டம். ஏன் மறுக்கவில்லை என்ற கேள்வி கண்டிப்பாக வரும், பதிலை அவர் வார்த்தையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இப்படித் தேதியும் ஆளுமாக விவரம் இருந்தால், மேலே 'கட்டாயப்படுத்தி' என்று ஒரு நடுத்தரச் சொல் போதும். அது எதைக் கொண்டு சாத்தினார்கள் என்று சொல்லாத சொல் என்று முன்னால் சொன்னேன் இல்லையா, அந்த விவரங்கள் அதைச் சொல்லிவிடும்.

பத்திரத்தை நான் பார்க்கவில்லை. என்றைக்குப் பதிவானது என்றும் நீங்கள் குறிப்பிடவில்லை. இந்த மாதிரிப் பத்திரம் தானாகச் செல்லாமல் போய்விடாது, ரத்து செய்யக் கேட்டுப் போக வேண்டும். அதற்குப் பொதுவாக மூன்று வருடம்தான், விவரம் தெரிந்த நாளிலிருந்து கணக்கு. மோசடி என்றால் பின்னால் தெரிந்தது என்று சொல்லலாம். நெருக்கி வாங்கியது என்றால் அன்றைக்கே உங்களுக்குத் தெரியுமே என்று எதிர்த்தரப்பு கேட்கும். சொல்லைத் திருத்துவதற்கு முன்னால் இன்றைக்கே அந்தத் தேதியை எடுத்துப் பாருங்கள்.